பீளமேட்டிலிருந்து சிங்கப்பூர்: மாப்ளைக்கு ஒரு கணக்கு

மாப்ள,

தங்கச்சி சௌக்கியமா? உன்ற முழங்கால் தேவலையா? இங்க எல்லாரும் நல்லா இருக்கறோம். பதில் போடலைன்னு ஈரோட்டான்கிட்ட மூட்டி விட்டிருக்கறே, வந்து சேந்துச்சு.

கோயமுத்தூர்–சென்னை 405 கிலோமீட்டர், பறக்கற நேரம் 45 நிமிஷம்னு நெட்டுல போட்டிருக்கான், டிக்கெட்டுல மட்டும் 1 மணி 10 நிமிஷம், எவன்டா பொய் சொல்றான்னு கேட்டிருந்தே. ரெண்டும் மெய்தான். நெட்டுல இருக்கறது பூமி உருண்டை மேல நூல் புடிச்ச தூரம், ஆகாசத்துல இருக்கற நேரம். டிக்கெட்டுல இருக்கறது பீளமேட்டு ஏர்போர்ட்டுல வண்டி நின்ன எடத்த விட்டு நகர்றதுலிருந்து மீனம்பாக்கத்துல போய் நிக்கற வரைக்கும். ஓடுபாதைக்கு உருண்டு போறது, மேல ஏறுறது, சென்னையில எறங்க வரிசையில சுத்தறது எல்லாம் அதுல அடக்கம். ஜெட் மணிக்கு 830 போகும்னாலும் அது உச்சியில போறப்பதான். சென்னைக்கு உச்சி தொட்டதுமே எறங்கோணும். ஏடிஆர்ங்கற சின்ன காத்தாடி விமானம்னா வேகமே 500 சொச்சம், இன்னும் இழுக்கும்.

கைக்கணக்கு இதுதான்: தூரத்த 800-ஆல வகுத்து அரை மணி கூட்டு. டெல்லி நமக்கு நேர் வடக்கே, ரெண்டு ஊரும் 77 பாகை தீர்க்கரேகையில. 1,940 கிலோமீட்டர், மூணு மணிக்குக் கிட்ட. சிங்கப்பூர் 3,160, நாலரை மணி. கிட்டத்து ஊருக்கு மட்டும் பத்து நிமிஷம் கூடப் போட்டுக்கோ.

ஆடியில சிங்கப்பூர் போறேங்கறே. கீழ பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேக்கயிருந்து அடிக்கும். அதை எதுத்துத்தான் ஏறோணும்கறதால விமானம் தென்மேற்கே கிளம்பி அப்பறம் கிழக்க திரும்பும். மேல போனா அதே மாசத்துல காத்து கிழக்கயிருந்து. போறப்ப கொஞ்சம் எதிர்காத்து, வர்றப்ப லாபம். சிங்கப்பூர் கடியாரம் நம்முதுக்கு ரெண்டரை மணி முந்தி. டிக்கெட்டுல ஏழு மணி நேரம் மாதிரி தெரிஞ்சா பதறாதே.

இப்ப சண்டைக்கு வர்றேன். காசு மிச்சம்னு சென்னைக்குத் தனி டிக்கெட், அங்கிருந்து சிங்கப்பூருக்குத் தனி டிக்கெட், நடுவுல ரெண்டு மணி நேரம்! உன்ற கஞ்சத்தனம் ஹாஸ்டல் காபியோட போயிருச்சுன்னு நெனச்சேன். சென்னை சுத்திப் போனாலும் தூரம் 165 கிலோமீட்டர்தான் கூட, ஆகாசத்துல அது கால் மணி கூட ஆவாது. நேரம் போறதெல்லாம் தரையில. பிஎன்ஆர், அதான் புக்கிங் நம்பர், ரெண்டுன்னா பெட்டிய சென்னையில நீயே எடுக்கோணும்: பெல்ட்டுல அரை மணி, வெளிய வந்து சர்வதேச முனையத்துக்கு நடை, மறுபடி செக்-இன், இமிக்ரேஷன், சோதனை. கவுன்டர கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அடைச்சுருவாங்க. மொத விமானம் முக்கால் மணி லேட்டானா ரெண்டாவது டிக்கெட் காசு கோவிந்தா. தனி டிக்கெட்டுன்னா கேக்கவும் நாதியில்ல. ஒரே பிஎன்ஆர்-ல ரெண்டும் இருந்தா பெட்டிய சிங்கப்பூருக்கே போடச் சொல்லு. பெட்டியில கட்டற டேக்ல கடைசி ஊரு SIN-னு, அதான் சிங்கப்பூர் குறியீடு, இருக்கான்னு அங்கயே பாரு. தனித்தனின்னா நாலு மணி நேர இடைவெளிக்குக் கொறையாதே.

நேர் விமானத்துல போடா, பெரியவளப் பாக்கப் போறே, முழங்காலோட ஓடாதே. கோபியிலிருந்து பீளமேட்டுக்கு ரெண்டு மணி, அங்க மூணு மணி முன்னாடி. தேதி முடிவானதும் எழுது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி.

அன்புடன்,
உன்ற ரூம்மேட்