எந்த முதுகலை என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி ஆசிரியர் எல்லோருக்கும் முதுகலைப் பட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சென்ற வாரம் தங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பின்லாந்தையும் நியூயார்க்கையும் கட்டுரையாளர் உதாரணம் காட்டியிருந்தார். நான் தாராபுரம், காங்கேயம் பக்கத்துப் பள்ளிகளில் இருபத்தேழு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எம்.எஸ்சி., எம்.எட். இரண்டையும் வேலையில் இருந்துகொண்டே முடித்து, கூடுதல் படிப்புக்கு அரசு கொடுத்த ஊக்க ஊதியத்தை இரண்டுக்கும் வாங்கியவன். படிக்காதவன் பொறாமையில் எழுதுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எம்.எட். எப்படி முடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனி யாரும் என் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. கணிதத்தின்மேல் மாணவர்களுக்கு உள்ள மனப்பான்மை பற்றி ஆய்வேடு. முந்நூறு பிள்ளைகளிடம் வினாப்படிவம் வாங்க வேண்டும். நூறு சொச்சம்தான் சேர்ந்தது. மிச்சத்தை ஒரு சனிக்கிழமை மத்தியானம், நானும் என்னோடு படித்த இரண்டு பேரும் ஆளுக்கு நான்கு விதப் பேனா வைத்துக்கொண்டு டிக் அடித்து முடித்தோம். ஒரே கை போலத் தெரியக்கூடாது என்று ஒருவர் இடது கையாலும் அடித்தார். அட்டவணைகளை டி.டி.பி. சென்டர்காரரே போட்டுக் கொடுத்தார். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று முடிவு வந்தது. எப்படி இருக்கும்? மூன்று பேரும் ஆண்கள்தானே. வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, தன் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நீல நிற அட்டையில் தங்க எழுத்துப் போட்ட அந்த ஆய்வேடு இப்போது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

நான் செய்தது தவறு, மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் முன்னால் இருந்தது ஒரே கேள்விதான்: சான்றிதழ் எப்போது கைக்கு வரும், பணிப்பதிவேட்டில் எப்போது ஏறும். வகுப்பில் ஏதாவது மாறியதா என்று அலுவலகத்திலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. அன்றைய விதியும் அதைக் கேட்கச் சொல்லவில்லை.

எம்.எஸ்சி.யை அப்படித் தள்ளிவிட மாட்டேன். அஞ்சல் வழியில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை தொடர் வகுப்புக்கு விடியலில் கோயமுத்தூர் பஸ் ஏறினால் வீடு திரும்பப் பொழுது போய்விடும். தோட்டத்துப் பக்கம் ஒரு பெரியவர், “ஏனுங் வாத்தியாரே, இன்னுமா படிச்சு முடியல?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அங்கே படித்த டோபாலஜி என்ற உயர்கணிதப் பாடத்தை நான் எந்த வகுப்பிலும் எடுத்ததில்லைதான். ஆனால் பின்னாளில் உயர்நிலைப் பள்ளிக்கு மாறுதலாகிப் போனபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, புள்ளிக்குப் பிறகு ஒன்பது ஒன்பதாகப் போய்க்கொண்டே இருந்தால் அது எப்படி 1-க்குச் சமமாகும் என்று வாதாடினாள். எம்.எஸ்சி. படிக்காமல் இருந்திருந்தால் ‘புத்தகத்துல போட்டிருக்கு, எழுது’ என்றுதான் சொல்லியிருப்பேன். அன்று முழுப் பீரியடும் அதற்கே போனது. பாடத்தை ஆழமாகப் படித்ததற்கு அந்த அளவு பலன் உண்டு.

இனி கட்டுரையாளர் தொடாத பக்கத்துக்கு வருகிறேன். நான் முதலில் வேலை பார்த்த ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு இடைநிலை ஆசிரியை. பிளஸ் டூவும் இரண்டு வருட ஆசிரியர் பட்டயப் பயிற்சியும் முடித்தவர். ஒருநாள் சாக்பீஸ் வாங்க அந்த வகுப்புப் பக்கம் போனேன். பலகையில் 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பையன் எழுதியிருந்தான். தறிக்குடோனில் வேலை பார்ப்பவர் மகன். தப்பு என்று டீச்சர் சொன்னதும் அவன் விடவில்லை: “நேத்து கோலி ரெண்டு ஆட்டம் ஆடி ஒண்ணு கெலிச்சனுங். இன்னைக்கு மூணு ஆடி ஒண்ணு கெலிச்சனுங். மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானுங் டீச்சர்?”

சாக்பீஸை மறந்துவிட்டு நின்றுவிட்டேன். பையன் சொன்னது அவன் கணக்குப்படி சரி. நானாக இருந்தால் மீச்சிறு பொது மடங்கு எடு, பகுதியைச் சமமாக்கு என்று ஆரம்பித்திருப்பேன். அவர், “கோலிக்கு அது சரிதான் கண்ணு” என்று முதலில் ஒத்துக்கொண்டார். பிறகு, “உன் கையில அரை மூடித் தேங்கா இருக்குது. நான் இன்னும் கொஞ்சம் தர்றேன். இப்ப அரை மூடிக்கு மேல இருக்குமா, கொறைஞ்சிருக்குமா?” என்று கேட்டார். கொப்பரைக் களம் சூழ்ந்த ஊர்ப் பிள்ளைகள். தேங்காயில் ஏமாற மாட்டார்கள். பையன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்தில் இரண்டு பாதிக்கும் குறைவு என்று அவனுக்கே பட்டது. எழுதியதை அவனே கையால் அழித்தான்.

பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தில் பிள்ளை எந்த இடத்தில், ஏன் தடுக்குவான் என்று தெரிவது வேறு. இந்த இரண்டாவது அறிவுக்கு அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இலேயே தனிப்பெயர் வைத்தார். என் இரண்டு முதுகலையிலும் அதற்கு ஒரு நாள் பயிற்சி கிடையாது.

பின்லாந்தில் முதுகலை கட்டாயம்தான். ஆனால் அங்கே அதற்குக் கல்விக் கட்டணம் இல்லை. பல்கலைக்கழகத்தோடு பயிற்சிப் பள்ளிகள் சேர்ந்தே இருக்கின்றன. பாடம் நடத்துபவரைப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஆள் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் முதல் சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குத்தான். அதற்குள் முதுகலை முடித்தால்தான் நிலையான சான்றிதழ் என்பது பொதுவான விதி. அந்தக் கெடுவை மட்டும் எடுத்து இங்கே நட்டால் மீண்டும் பைண்டிங் கடைக்குத்தான் வியாபாரம்.

அவ்வளவு தூரம் போவானேன்? தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் கோயமுத்தூர் பக்கத்துப் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. ஒரே வளாகத்தில் பள்ளிக்கூடமும் உண்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் உண்டு. நம் ஊரிலேயே இருக்கும் ஏற்பாடு இது.

அரசு செய்தது என்ன? உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் நிறுத்தியது. எங்களில் பலர் இரண்டாவது ஊக்க ஊதியத்துக்கு நம்பியிருந்த எம்.பில்.லை யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறையில் எடுத்துவிட்டது. பி.எஸ்சி. ஒரு பாடம், எம்.எஸ்சி. வேறு பாடம் என்றால் ‘கிராஸ் மேஜர்’ என்று முதுகலை ஆசிரியர் பதவி உயர்வில் ஒதுக்கிவிடுவார்கள். இதற்கு மேல் 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். தேங்காய்க் கணக்கு டீச்சருக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. பேத்தியைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கொள்குறி வினா போட்டுப் பார்க்கிறார். 150-க்கு 90 எடுக்க வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. எடுத்துவிடுவார். ஆனால் அரை மூடித் தேங்காயைக் கேட்கும் வினா அதில் ஒன்றும் இருக்காது.

கட்டாயம் வேண்டுமென்றால் வரட்டும். பெருந்துறையிலும் திருமூர்த்தி நகரிலும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கேயே சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்துப் பகுதிநேர முதுகலை நடத்தட்டும். ஆய்வேட்டுக்குப் பதிலாக, ஒரு வருடம் தன் வகுப்பில் பிள்ளைகள் செய்த தப்புகளை ஆசிரியர் தேதி போட்டு எழுதி வரட்டும். தேர்வாளர் பஸ் ஏறி வந்து பின் பெஞ்சில் நான்கு பீரியடாவது உட்காரட்டும். வகுப்பு எடுக்கும் கையும் மதிப்பெண் பெறட்டும்.

கடைசியாக ஒரு திருத்தம். பி.எட். ஓராண்டுப் படிப்பு என்று கட்டுரையில் இருந்தது. 2015-16 முதல் அது ஈராண்டு. அதில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி. என் அண்ணன் மகள் படித்த கல்லூரியில், கூடுதலாகப் பணம் கட்டியவர்களுக்கு அந்த 20 வாரமும் வீட்டிலேயே கழிந்தது. அவள் கட்டவில்லை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் முடித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே சான்றிதழ்தான் வந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
காங்கேயம்.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)