அண்ணனுக்கு, அந்த ரெண்டு புள்ளி பத்தி

அண்ணா,

இந்த ஆடி நோம்பி வந்தா ஒரு வருசம். அதுக்கப்புறம் நான் நம்ம தோட்டத்து வீட்டுச் சாளைப் பக்கம் காலெடுத்து வைக்கலை. ஏன்னு உங்களுக்கும் அண்ணிக்கும் தெரியும். இதை ஒறம்பரைங்களும் படிப்பாங்க, அதனால நான் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் இங்க எழுத மாட்டேன். அன்னிக்குப் பத்துப் பேர் முன்னாடிதான் பேசினேன். மன்னிப்பை மட்டும் தனியா போன்ல சொல்றது நியாயமில்லைன்னு பட்டுச்சு. அதான் இப்படி எழுதறேன்.

அந்தத் தண்ணித் தொட்டிதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. உங்க நாய்க்குட்டி சுண்டு, என் பாப்பாவோட பாவாடை நுனியை இழுத்துட்டு ஓடி வந்துச்சு, விளையாட்டுக்குத்தான். கெண்டைக்கால்ல ரெண்டு புள்ளி. ஒண்ணு வெறும் கீறல். இன்னொண்ணுல கடுகு அளவுக்கு ரத்தம். யாரோ சுண்ணாம்பு எடுத்துட்டு வந்தாங்க. நீங்க மஞ்சளைக் கையில வெச்சுக்கிட்டு, "பால் பல்லு அம்முணி, எறும்பு கடிச்ச மாதிரி"ன்னு சொன்னீங்க. நான் பாப்பாவைத் தூக்கிட்டுப் போய் மோட்டார்க் குழாய்க்கு அடியில நிறுத்தி, துணி சோப்பைப் போட்டுத் தேய்ச்சேன். 15 நிமிசம் ஓடற தண்ணியில கழுவணும். வெறிநாய்க்கடிக் கிருமிக்கு மேல கொழுப்பு உறை இருக்குது, சோப்பு அதைத்தான் உடைக்குது. மஞ்சளோ சுண்ணாம்போ அதைச் செய்யாது, காயத்தை எரிக்கத்தான் செய்யும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லலை. போன்ல மணியைப் பார்க்கறதும் தேய்க்கறதுமா இருந்தேன். "குளுருதும்மா, கால் குளுருதும்மா"ன்னு அவ அழுதா. ஒன்பதாவது நிமிசம் தண்ணி நின்னு போச்சு.

நீங்க மோட்டாரை நிறுத்திட்டீங்க. "போதும் விடு, புள்ளை நடுங்கறா. இதுக்குப் போய் ஊசி கீசின்னு அவளைக் கொல்லாத."

அப்பத்தான் அந்தச் சொல் வாயில வந்துச்சு. அண்ணி கையில சாப்பாட்டுத் தட்டு இருந்துச்சு. அதைத் திண்ணையில வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க. நீங்க ஒண்ணும் பேசலை. போய் மோட்டாரைத் திரும்பப் போட்டு விட்டீங்க.

பாப்பா காதுகுத்துக்கு உங்க மடியிலதான உட்கார்ந்தா? அந்தக் கையைப் பார்த்தா நான் அப்படிச் சொன்னேன்!

ஆனா அண்ணா, ஊசி விசயத்துல நான் செஞ்சது தப்பில்லை. இன்னிக்குக் கடிச்சாலும் அதையேதான் செய்வேன். அந்தக் குட்டியோட தாய் எங்க சுத்துச்சு, எது கூடக் கடி பட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்? வேலிக்கு நடுவால போற இட்டேரித் தடத்துல கெடந்த குட்டி. காங்கயம், வெள்ளக்கோயில் பக்கம் பட்டியில புகுந்து ஆடுகளைக் கொன்ன நாய்ங்களை நாம பார்க்காததா? குட்டின்னா வெறி வராதுன்னு ஒண்ணும் கெடையாது. குட்டிக்குத் தடுப்பூசி போடறதே மூணாவது மாசத்துலதான், சுண்டுவுக்கு அப்ப ரெண்டு மாசம்கூட ஆகலை. தோல்ல கீறல் மட்டும்னா தடுப்பூசி போதும், ரத்தம் வந்துட்டா காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின்ங்கற, கிருமியை உடனே எதிர்க்கற மருந்தும் போடணும்னு டாக்டர் சொன்னாரு. "நாயைப் பத்து நாள் பார்த்துட்டு அப்புறம் ஊசி போட்டுக்கலாமா"ன்னு நான்தான் கேட்டேன். உங்களுக்காகத்தான் கேட்டேன். "ஊசியை இன்னிக்கே ஆரம்பிங்க, நாயை அது பாட்டுக்குப் பாருங்க. நோய் வெளிய தெரிஞ்சதுக்கப்புறம் காப்பாத்த வழி இல்லை"ன்னாரு. அன்னிக்கு, 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள். ரெண்டு கையிலயும் தோலுக்குள்ளயே துளித்துளியா. அரசு ஆஸ்பத்திரியில காசு ஒண்ணும் கேட்கலை. காயத்தைச் சுத்திப் போட்டதுக்குத்தான் கத்தினா. அப்ப மாமாவைக் கூப்பிட்டா, என்னைக் கூப்பிடலை.

அந்தப் பத்து நாளும் காத்தால ஆறு மணிக்கு நீங்க கூப்பிட்டீங்க. நான் எடுக்கலை. "இன்னிக்கும் நல்லாத் திங்குது, தண்ணி குடிக்குது, ஓடுது"ன்னு குரல் பதிஞ்சு அனுப்புனீங்க. பதில் போடலையே தவிர, ஒவ்வொண்ணையும் நாலஞ்சு தடவை கேட்டேன். பத்தாவது நாள் அனுப்புனதை இன்னும் அழிக்கலை.

மாசியில நடந்த கல்யாணத்துலதான் அண்ணி எங்கிட்ட வந்து சொன்னாங்க. அவங்களே வந்து பேசினாங்க, அது எவ்வளவு பெரிய மனசுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு 7 வயசுல, நான் தொட்டில்ல கெடந்தப்ப, அப்பாரு உங்களைத் தோள்ல போட்டுட்டுத் தெனம் போனாராமே. தொப்புளைச் சுத்தி 14 ஊசி. நாலு பேர் கையையும் காலையும் பிடிச்சுக்குவாங்களாமே. ஆட்டு மூளையில இருந்து செஞ்ச அந்த மருந்தை 2004 கடைசியோட நம்ம நாட்டுல தயாரிக்கறதையே நிறுத்திட்டாங்க. நீங்க இன்னும் அந்த ஊசியையே நெனச்சுட்டு இருந்திருக்கீங்க. அதான் மோட்டாரை நிறுத்தினீங்க.

அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? இத்தனை வருசம் ஒரே வீட்டுல இருந்து எனக்குத் தெரியாதுன்னா நான் என்ன தங்கச்சி? எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்கிட்டா மத்தவங்க எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரு வருசம் வெசனத்தோட கெடந்தேன். இதுல பாதி உங்க மேலயும்தான் இருக்குது. மொத்தத்தையும் நானே சுமக்க மாட்டேன்.

சொன்ன சொல்லுக்கு மட்டும் மன்னிச்சுடுங்க. அண்ணிகிட்ட நேர்ல கேட்டுக்கறேன், அதை இங்க வெச்சுக் கேட்கலை.

நோம்பிக்கு முந்தின நாள் பொழுதோட வந்துடறோம். பாப்பா சுண்டுவுக்குன்னு வர்க்கி வாங்கி வெச்சிருக்கா. அதுக்கு ஊசி போட்ட சீட்டை எடுத்து வெய்ங்க, பார்த்துட்டுத்தான் அவளைப் பக்கத்துல விடுவேன், கோவிச்சுக்காதீங்க. தொட்டி மேல சோப்பு ஒண்ணு இருக்கட்டுங்ண்ணா.