29சி-யை வெட்டிடாதீங்க: ரூட் போடுற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாநகர் போக்குவரத்துக் கழகத்துலயும் (எம்டிசி), சென்னைப் போக்குவரத்தை எல்லாம் ஒருங்கிணைக்கிற கும்டாவுலயும் பஸ் ரூட், டைமிங் எல்லாம் முடிவு பண்ற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

சென்னை மெட்ரோ ரெண்டாவது கட்டத்துல மாதவரம் - சிறுசேரி லைன் மேப் இருக்குல்ல, அதை எடுத்து பெரம்பூர் - பெசன்ட் நகர் போற 29சி பஸ் ரூட்டு பக்கத்துல வச்சுப் பாருங்க. பெரம்பூர், ஓட்டேரி, புரசைவாக்கம், ஸ்டெர்லிங் ரோடு, ஜெமினி, மயிலாப்பூர், மந்தவெளி, அடையார்னு கிட்டத்தட்ட அதே பாதைதான், அது பூமிக்கு அடியில போகப்போகுது, இது மேல போகுது. அதனாலதான் பயம். அந்த லைன் ஓட ஆரம்பிச்சதும் "ஒரே வழியில ரெண்டு எதுக்கு"ன்னு ஒரு ஃபைல் கிளம்பும், 29சி-யை பாதியில நறுக்கி மெட்ரோவுக்கு ஆள் கொண்டு வந்து விடுற பஸ்ஸா மாத்திடுவாங்க.

மேப்ல ஒண்ணா தெரியுறது ரோட்ல ஒண்ணு இல்லீங்க. ஆயிரம் விளக்குலேர்ந்து மெட்ரோ ராயப்பேட்டை பக்கம் திரும்பிடுது, பஸ் கதீட்ரல் ரோட்ல ஸ்டெல்லா மாரிஸ் வாசல் வழியா லஸ்ஸுக்கு போகுது. அடையார் தாண்டி மெட்ரோ திருவான்மியூர் பக்கம் போயிடும், பெசன்ட் நகர் பக்கமே வராது. 29சி-யை நறுக்கிட்டா, ஓட்டேரிலேர்ந்து பெசன்ட் நகர்ல வீட்டு வேலைக்கு போற அக்கா மெட்ரோல வந்து அடையார்ல இறங்கி, மேல ஏறி வந்து, இன்னொரு பஸ் பிடிக்கணும். 2021 மே மாசத்துலேர்ந்து வெள்ளை போர்டு பஸ்ல, அதாவது சாதாரண கட்டண பஸ்ல, பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, மெட்ரோல அந்த சலுகை இல்ல. பஸ்ஸை நறுக்கினா அவங்க தினமும் காசு கொடுத்துதான் போகணும், இதை எந்த ஃபைல்ல எழுதுவீங்க?

இந்த ரூட் வட சென்னையையும் தென் சென்னையையும் ஒரே சீட்ல இணைக்குது. பெரம்பூர் பக்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப், ரயில் பெட்டி செய்யுற ஐசிஎஃப், பின்னி துணி மில்லுன்னு வேலை இருந்த ஏரியா, மில்லு 1996-ல மூடிட்டாங்க, அப்புறம் வேலை தேடி தெக்க போக வேண்டியதாச்சு. நிர்வாகம்கூட மாறிக்கிட்டே வந்துச்சு, 1972-ல பல்லவன் போக்குவரத்துக் கழகம், 1994-ல வட சென்னைக்குன்னு தனியா அம்பேத்கர் பேர்ல ஒரு கழகம், 2001-ல மறுபடி ரெண்டையும் சேர்த்து எம்டிசி. பெருசுங்க இன்னும் பல்லவன் பஸ்னுதான் சொல்லுவாங்க, அது கிடக்கட்டும்.

29சி-ல குறையே இல்லையான்னா, இருக்கு. வரவே வராது, வந்தா ரெண்டு மூணா வரும். நீளமான ரூட் எல்லாத்துக்கும் இந்த வியாதி உண்டு. முன்னாடி வண்டி சிக்னல்ல கொஞ்சம் லேட்டானா அடுத்த ஸ்டாப்ல ஆள் சேர்ந்துடும், ஏத்தி இறக்க இன்னும் லேட்டாகும், பின்னாடி வர்ற வண்டிக்கு ஏத்த ஆளே இருக்காது, காலியா வேகமா வந்து ஒட்டிக்கும். முன்னாடி வண்டி படிக்கட்டுல தொங்கும், பின்னாடி கண்டக்டர் சும்மா உக்காந்திருப்பார், அவருக்கு கலெக்‌ஷன் பத்தாவும் (வசூலுக்கு ஏத்த படி) அடி. இதுக்கு டிரைவரை திட்டி பிரயோஜனம் இல்ல. டைம் கீப்பர் ரூட்டோட ரெண்டு முனையில மட்டும் இருந்தா நடுவுல ஒட்டிக்கிட்ட வண்டியை யார் பிரிக்கிறது? பஸ் எங்க வருதுன்னு எங்க மொபைல் ஆப்லயே காட்டுறீங்க, அதே ஜிபிஎஸ்ஸை பார்த்து ஜெமினிலயோ லஸ்லயோ ஒட்டி வர்ற பின் வண்டியை ரெண்டு நிமிஷம் நிறுத்தி விடலாமே. ட்ராஃபிக் மாறிப்போச்சு, ரன்னிங் டைமையும் அதுக்கேத்த மாதிரி திருத்துங்க, பெரம்பூர்ல டீ குடிக்க நேரமில்லாம வண்டியை திருப்புற டிரைவர்கிட்ட டைமிங் கேக்குறது நியாயமில்ல.

மெட்ரோவுக்கு ஆள் கொண்டு வர பஸ் வேணும்னா 2013-ல விட்டீங்களே சின்ன பஸ், அதை உள் தெருவுக்கு கூட்டி விடுங்க. 29சி-யை முழுசா விடுங்க. வெள்ளை போர்டை குறைச்சு, பொம்பளைங்களும் காசு கொடுக்க வேண்டிய எக்ஸ்பிரஸ், டீலக்ஸா மாத்துற வேலையும் வேணாம், அதுவும் ஒரு வகையில வெட்டுறதுதான்.

லைன் திறக்கிற அன்னைக்கு 29சி-யோட புது டைம் டேபிளும் பெரம்பூர்லயும் பெசன்ட் நகர்லயும் ஒட்டியிருக்கணும், ஒரு ட்ரிப் கூட குறையாம. அதுக்கு முன்னாடி மாத்துற ஐடியா ஏதாவது இருந்தா பஸ்ல போறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, கூட்டம் ஏசி ஹால்ல வேணாம், ஓட்டேரிலயே வைங்க.

இப்படிக்கு,
29சி பயணி