அப்பாவைத் தூக்காமல் விட்டவர்களுக்கு

அயலவர்களுக்கும் ஆசுப்பத்திரியில் எங்களோடு நின்றவர்களுக்கும்,

போன சித்திரையில் கள்ளுக்குப் பாளை சீவ ஏறிய அப்பா பனையிலிருந்து விழுந்தார். இன்று விடிய வோக்கரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரை தானாக நடந்து போனார். அதைப் பார்த்த கையோடு இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுத் தம்பிக்கு. சத்தம் கேட்டு ஓடிவந்த நாங்கள் எல்லோரும் அப்பாவைத் தூக்கி இருத்தித் தண்ணீர் பருக்கத்தான் பார்த்தோம். நான் கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்தும் விட்டேன். "ஒருத்தரும் அசைக்காதேங்கோ, கால் விறைக்குது எண்டு சொல்லுறார்" என்று அந்தப் பிள்ளை கத்தினான். புழுதியில் முழங்காலூன்றி, அப்பாவின் தலையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்தபடி, 1990 இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் வரும்வரை இருந்தான். வந்தவர்கள் அயலிலும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்ப, மரக்குற்றியை உருட்டுவதுபோல உருட்டிப் பலகையில் ஏற்றினார்கள்.

உடைந்தது நாரியின், அதாவது கீழ்முதுகின், முதல் முள்ளெலும்பு. விலா எலும்போடு இறுகி நிற்கும் முதுகும் வளைந்து கொடுக்கும் நாரியும் சந்திக்கிற இடம் அது. உயரத்திலிருந்து விழுபவர்களுக்கு அந்த இடம்தான் அதிகம் நொறுங்குமாம். முள்ளந்தண்டுக்குள் இறங்கும் நரம்புத்தண்டான முண்ணாணும் ஏறக்குறைய அங்கேதான் முடிந்து, நரம்புகள் குதிரைவால் மாதிரிப் பிரிந்து இறங்குகின்றன. நொறுங்கிய துண்டு அவற்றை நெரித்திருந்தது, அறுக்கவில்லை. அன்று நாங்கள் இருத்தி எழுப்பியிருந்தால்... இப்போதும் நினைக்க நெஞ்சு பதறுகிறது. முறிவுக்கு மருந்து வைத்துப் புக்கை கட்டும் நாட்டு வைத்தியரிடம் கொண்டுபோகச் சொன்ன உறவுகளும் அன்பில்தான் சொன்னார்கள். கால் விறைத்த நாரிமுறிவு, கை முறிவு மாதிரி அல்ல என்பது எங்களுக்கும் அன்றுதான் தெரியும்.

கம்பியும் ஆணியும் வைத்து எலும்பை நிமிர்த்திய டொக்டர்மாருக்கு என்ன சொல்லியும் தீராது. மாமி, நீங்கள் இரவிரவாக மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அப்பாவைப் புரட்டி, குதிக்கால் சிவந்திருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் பார்த்தீர்கள். ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை.

சிறுநீர் தானாகப் போகவில்லை. கூச்சமான விடயம்தான், ஆனால் முள்ளந்தண்டு அடிபட்ட வீடுகளுக்கு இது தெரியும். குழாய் விட்டு எடுக்கிற விதத்தை அம்மாவின் கை நடுக்கம் நிற்கும்வரை சொல்லிக்கொடுத்த தாதிக்கு நன்றி. "பெருவிரலை அசையுங்கோ ஐயா" என்று தினமும் வந்து கேட்ட பிசியோ மிஸ்ஸுக்கும். 23ஆம் நாள் போர்வை நுனி மெல்ல அசைந்ததை நானும் மிஸ்ஸும் ஒன்றாகத்தான் கண்டோம்.

அப்புறம், அப்பாவோடு சீவுகிற அண்ணை. நாள் தவறாமல் சீவாவிட்டால் பாளை கெட்டுவிடும் என்று எங்கள் பனைகளிலும் நீங்களே ஏறி, கள்ளு விற்ற காசை அம்மாவின் கையில் கொண்டுவந்து தந்தீர்கள். அப்பாவின் பாளைக்கத்தியும், மரமேறக் காலில் மாட்டும் தளைநாரும் தாழ்வாரத்தில் இருக்கின்றன. அவற்றை உங்களிடம்தான் கொடுக்க வேண்டுமாம், தன் கையால். வெள்ளிக்கிழமை ஒருக்கால் வாருங்கோ.