ஆம்புக்கு டியூப் மாற்றிக் கொடுத்த அண்ணனுக்கு

சுங்கை சிப்புட்டில் எங்கள் இசைக்குழுவின் 50 வாட் கிட்டார் ஆம்பை, அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியை, சரிசெய்து, பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிய அண்ணே, ரொம்ப நன்றி.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், ஆளையே கொல்லும். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை வைத்தீர்கள். ஜோடி பொருந்திய இரண்டு இஎல்34 பவர் டியூப் போட்டீர்கள். டியூபுக்குள் இருக்கும் ஸ்கிரீன் என்ற கம்பிவலைக்குக் கரண்ட் போகும் வழியில், கருகிக் கிடந்த 1 கிலோஓம் ரெசிஸ்டரையும் விடவில்லை. பழைய டியூப் உள்ளே ஷார்ட்டானால் பெரும்பாலும் போவது அதுதான். கவனிக்காவிட்டால் புது டியூப் போட்டும் அந்த டியூப் ஊமைதான்.

பயாஸ், அதாவது வாசிக்காதபோதும் டியூபில் ஓடும் கரண்டின் அளவு, வைத்த பொறுமையை மறக்க முடியாது. டியூபின் பாசிட்டிவ் முனையான பிளேட்டில் 450 வோல்ட், டியூப் தாங்குவது 25 வாட், அதில் 70 விழுக்காடு 17.5 வாட். அதை 450 வோல்ட்டால் வகுத்தால், டியூபுக்குச் சுமார் 39 மில்லிஆம்பியர். டியூபின் மறுமுனையான கேத்தோடில் உள்ள 1 ஓம் ரெசிஸ்டரில் 39 மில்லிவோல்ட் காட்டும்வரை, பயாஸை மாற்றும் டிரிம்மர் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினீர்கள். கேத்தோடில் ஸ்கிரீன் கரண்டும் சேர்ந்தே ஓடுவதால் பிளேட்டுக்கு அது பாதுகாப்பான பக்கமே. நன்றாகச் சூடேறியதும் மறுபடி அளந்தீர்கள்.

பிளேட் சிவந்தால் உடனே அணைக்கிறோம், ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பைப் போடமாட்டோம், அண்ணே.