வாஷர் போனால் யார் மாற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உகாண்டா பற்றிய கட்டுரையில், 'ஆழ்துளைக் கிணறு திறந்த அன்றோடு அந்த ஊரின் தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்தது' என்று ஒரு வரி. அன்றோடா? வடக்கு உகாண்டாவில், லிரா பக்கம், ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நான்கு வருடம் அடிபம்பு பழுது பார்த்தவன் நான். திறப்பு விழாவுக்கு வந்த கார்கள் கிளம்பிய பிறகுதான் எனக்கு வேலையே.

ஓர் ஊரில் பம்பு நன்றாகத்தான் ஓடியது. பெண்களோ அதைத் தாண்டிப் போய்ச் சதுப்பு ஓடையில் மஞ்சள் ஜெர்ரிகேனை முக்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஓர் அம்மா பம்புத் தண்ணீரில் டீ போட்டு நீட்டினார். மை மாதிரி இருந்தது. குழாயை மேலே இழுத்துப் பார்த்தால், ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், அமிலத் தண்ணீரில் அரித்து, ஸ்பேனர் நுனி பட்டதும் பொத்துக்கொண்டது. அந்த இரும்பு கலந்துதான் டீ மையானது. மேடையில் பதித்த நன்கொடையாளர் பெயர்ப்பலகையில் மட்டும் ஒரு கீறல் இல்லை. 2016-ல் உகாண்டா அரசே அடிபம்புக்கு ஜி.ஐ. குழாய் கூடாது என்று நிறுத்தியது. உங்களுக்குத் தெரியாததா?

ராட்டினப் பம்பை நீங்கள் கொண்டாடியபோதும் எழுதினேன். பிள்ளைகள் சுற்றி விளையாட, தண்ணீர் தொட்டிக்கு ஏறுமாம். 2006-ல் அமெரிக்காவில் பெரும் பணம் அறிவித்து, 2010-க்குள் 4,000 ராட்டினப் பம்பு என்றார்கள். பிள்ளைகளுக்கு அலுத்துப்போனதும் பெண்கள்தான் குனிந்து குனிந்து அதைச் சுற்றினார்கள். அந்தக் கடிதம் வந்து சேர்ந்திருக்காது. தபால்காரரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அப்புறம் உகாண்டா கட்டுரையில் அடிபம்புப் படத்துக்குக் கீழே அந்தக் குறிப்பு: 'வெளிநாட்டுத் தொழில்நுட்பம்'. ஐயா, அது இந்தியா மார்க் 2 வகை. 1970-களில் யுனிசெஃப் துணையோடு நம் நாட்டில் உருவாகி, மெட்ராசில் தயாரானது. உகாண்டாவில் அதற்கு யூ-2 என்று பெயர். எங்கள் தெருமுனையில் நின்றதும் அதன் அண்ணன்தான். வெளிநாடுதான், உகாண்டாக்காரர்களுக்கு.

அந்தப் பம்புக்குள் உள்ளங்கை அகல வாஷர் ஒன்றை மாற்ற, முப்பது மீட்டர் இரும்புக் குழாயை மொத்தமாக மேலே தூக்க வேண்டும். ஆள் வேண்டும், குழாயைத் தூக்க முக்கால் சட்டம் வேண்டும், மாசாமாசம் ஊரில் காசு வசூலிக்க யாராவது வேண்டும். இதில் எதுவும் உங்கள் கட்டுரையில் இல்லை. நன்கொடை அனுப்ப வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. சரி, போடுங்கள். அடுத்த முறை அதன் கீழே, பம்பு கெட்டால் யார் வருவார்கள் என்று நன்கொடை வாங்குகிறவர்களிடம் கேட்டு ஒரு வரி சேர்த்தால் போதும். படக்குறிப்பையும் முடிந்தால் திருத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்பு மெக்கானிக்,
கோவை.