அக்காவின் சலமும் ஒரு கேள்வியும்

வன்னியில் கிளினிக் நடத்தும் மருத்துவர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

என் அக்காவுக்கு 62 வயது. ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்குப் பஸ் ஏறவேண்டுமென்றால் முதல்நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். மாங்குளம் வருவதற்குள் சலம் (சிறுநீர்) முட்டிவிடும் என்ற பயம். இதைப் பல ஆண்டுகளாக என்னிடம்கூட மறைத்திருந்தார். “பிள்ளை பெற்ற உடம்பு, வயது போனால் இப்படித்தானே” என்றார்.

வற்புறுத்தி ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டொல்டெரோடின் குளிசை தந்தார்கள், விளக்கம் தரவில்லை. சித்திரை வெயிலில் அவருக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். குடித்ததெல்லாம் மறுபடி சலமாக முட்டியது. பத்தாம் நாள் குளிசையை நிறுத்திவிட்டார். சலப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் அந்த மருந்து உமிழ்நீரையும் குறைக்கும், மலச்சிக்கல் தரும், பலன் தெரிய நான்கு வாரமாவது செல்லும் என்று அன்றே சொல்லியிருந்தால் அவர் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாவிட்டால் அளவைக் குறைக்கலாம், குளிசையை மாற்றலாம் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மிராபெக்ரோன் என்ற இன்னொரு குளிசை வேறு வழியில் வேலை செய்வது, வாயை அவ்வளவு உலர்த்தாது. ஆனால் கட்டுக்கடங்காத பிரஷர் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

எல்லாருடைய கோளாறும் அக்காவினுடையது போன்றதல்ல. இருமும்போதும் தண்ணீர்க்குடம் தூக்கும்போதும் சலம் சிந்தும் பெண்ணுக்கு இந்தக் குளிசைகள் உதவா. அவருக்கு வேண்டியது, சலத்தை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்படித் தசைப் பயிற்சி, குறைந்தது மூன்று மாதம். அவசரமாக முட்டுபவர்களுக்கும் முதலில் ஆறு வாரமாவது, ஓடாமல் சற்றுத் தாமதித்துப் பழகும் சலப்பைப் பயிற்சியைச் சொல்லிக்கொடுங்கள். மாதவிடாய் நின்றவர்களில் சிலருக்கு யோனியில் இடும் ஈஸ்ட்ரஜன் கிறீமே ஆறுதல் தரும். வயதான அம்மாமார் ஏற்கெனவே தடிமனுக்குக் குளோர்பெனிரமினும் நரம்புவலிக்கு அமிட்ரிப்டிலினும் விழுங்குகிறார்கள். இவையும் வாயை உலர்த்துபவை, மேலே இன்னொன்று சேர்ந்தால் மனத்தடுமாற்றமும் விழுகையும் வரலாம். தயவுசெய்து அவர்களுடைய மருந்துப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். சலப் பரிசோதனையும் சீனிப் பரிசோதனையும் செய்யாமல் அன்ரிபயோட்டிக் எழுதுவதையும் விட்டுவிடுங்கள்.

பெண்களின் உடல்நலம் பார்க்கும் சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷர் பார்க்கிறீர்கள், மார்பகம் பார்க்கிறீர்கள். அங்கேயே இன்னொரு கேள்வியும் வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல். “சிறுநீர் உபாதை உண்டா?” என்றால் எங்கள் பெண்கள் இல்லை என்றே தலையாட்டுவார்கள். “மலசலகூடத்துக்குப் போய்ச் சேருமுன் சலம் போய்விடுகிறதா?” என்று கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். தமிழ் தெரியாத மருத்துவருக்கு மொழிபெயர்க்க ஓர் ஆண் நிற்கும் அறையில் இதற்குப் பதில் வராது. வீடுவீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர் படலையடியில் நின்று கேட்டால் இன்னும் நல்லது; அவரிடம் சொல்லக் கூச்சம் குறைவு.

அக்காவுக்கு அடுத்த கிளினிக் ஆவணியில். இம்முறை தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்டால் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கை